நேரில் வந்தவர்களுக்கு முதலில்

கவுன்சிலரை அந்த வார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டோக்கன் அண்ணன் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நிறுத்தத்தில் முண்டியடிக்கிற கூட்டத்தில் யார் முதலில் வந்து நின்றார், யார் நடுவில் நுழைந்தார் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். கவுன்சிலர் ஆனதும் அந்தப் பழக்கத்தை அப்படியே ஆபீசுக்குக் கொண்டுவந்தார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆபீஸ். வாசல் ஆணியில் எண் போட்ட அட்டைகள் தொங்கும். அட்டையை எடு, பெஞ்சில் உட்கார், எண் வந்தால் பேசு.

ஒருமுறை ஆலை முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கி நேராக உள்ளே நுழைந்தார். அண்ணன் ஆணியைக் கைகாட்டினார். முதலாளிக்குப் பதினான்காம் எண். பதிமூன்றாம் எண் மூட்டை தூக்குகிறவருடையது. இருவரும் ஒரே பெஞ்சில் தொடை இடிக்க உட்கார்ந்திருந்த கதையை வார்டே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. "இருக்கிறவன் இல்லாதவன் எல்லாம் இந்த மேஜைக்கு முன்னால ஒண்ணுதான்" என்பார் அண்ணன். மனதாரத்தான் சொன்னார்.

வர முடியாதவர்களுக்காக ஜன்னலோரம் ஒரு மனுப்பெட்டியும் வைத்திருந்தார். ஆனால் நேரில் வந்தவர்களுக்கு முதலில், பெட்டியைத் திறப்பது அப்புறம். நேரில் தினமும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்கிற பெண் கால்வாய்க்குப் பின்னாலிருக்கிற சந்திலிருந்து வருவாள். ஒருநாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க சந்துல சாக்கடை மூடி ரெண்டா உடைஞ்சு கிடக்கு. காலையில இருட்டோட கிளம்புறோமா, பயமா இருக்கு."

"நம்ம வீட்டுல வேலை செய்றவன்னு உனக்கு மட்டும் தனி வழி விட்டா, மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆபீசுக்கு வா தங்கச்சி, டோக்கன் எடு. கண்டிப்பா செஞ்சு தரேன்."

"சரிண்ணே" என்று போய்விட்டாள். சொந்த வீட்டிலும் வளைந்துகொடுக்கவில்லை என்று அன்றைக்கு அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவள் எங்கே இருப்பாள் என்று யோசிக்கவில்லை. அவர் வீட்டையும் சேர்த்து நான்கு வீட்டுச் சமையலறைகளில் இருப்பாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை. மனைவி கையில் துடைப்பத்தோடு வந்தார்.

"என்னங்க, அவ இனிமே வர மாட்டா. சாக்கடைக்குள்ள கால் போய் எலும்பு முறிஞ்சிருச்சாம். மூணு மாசம் காலை ஊனவே கூடாதாம்."

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். ஆபீசுக்குப் போய் முதல் வேலையாக மனுப்பெட்டியைக் கவிழ்த்தார். மொத்தம் நாற்பத்தொரு மனுக்கள். முப்பத்துநான்கு அந்த ஒரே சந்திலிருந்து வந்தவை. அவற்றில் மூன்று அவளுடையவை. எழுதத் தெரியாதவள், ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்து. மூன்றாவது இப்படி முடிந்திருந்தது: 'ஏற்கெனவே இரண்டு மனு போட்டிருக்கிறேன். மறுபடி தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்.'

கிளார்க் எட்டிப் பார்த்தார். "மூடியை இன்னைக்கே போடச் சொல்லிடலாம்ணே. இந்த மூணையும் கிழிச்சிடவா?"

அண்ணன் மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று பன்னிரண்டு மணி வரை டோக்கன் எடுத்து வந்தவர்கள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒருவருக்கு வாசலில் மரக்கிளை தாழ்ந்திருக்கிறதாம். இன்னொருவருக்கு நடைபாதைக் கல்லின் நிறம் பிடிக்கவில்லையாம். இதற்கெல்லாம் போன மாதம்கூட ஓடி ஓடிச் செய்திருக்கிறார்.

சாயங்காலம் சந்துக்குப் போனார். ஒரே அறை. அவள் சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தாள்.

"எப்படி இருக்கீங்க?"

"என்னண்ணே, கால் உடைஞ்சதும் மரியாதை கூடிப்போச்சு!" என்று சிரித்தாள். "வீட்டுல இப்ப யாரு பாத்திரம் தேய்க்கிறது?"

"நான்தான்."

"போச்சு. அண்ணி ரெண்டாவது தடவை தேய்ப்பாங்க."

அவரால் சிரிக்க முடியவில்லை. மனுக்களை எடுத்துப் பாய் மேல் வைத்தார். "ஏழு மாசமா பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு. நான் பிரிக்கவே இல்லம்மா."

அவள் சிரிப்பு நின்றது. "படிக்கவே இல்லையா? படிச்சுப் பாத்துட்டு, இதைவிட அவசரம் இருக்குன்னு விட்டிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்."

அவள் பாய் மேலிருந்த மனுக்களைக் கையில் எடுத்தாள்.

"மூணாவது மனு எழுதினவரு என்னைக் கேலி பண்ணாரு. கவுன்சிலர் வீட்டு எச்சில் தட்டைத் தினம் கழுவுற, அங்கேயே கேக்க வேண்டியதுதானேன்னாரு. எங்க அண்ணன் ஆளுக்கொரு நியாயம் பாக்க மாட்டாருன்னு நான் சண்டை போட்டுட்டு வந்தேன்."

அடுப்படி மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் வந்திருந்தார். அந்த வார்த்தையை அவளே காகிதத்தில் எழுதவைத்து அனுப்பியிருந்தாள். அதை இப்போது தன் வாயால் சொல்ல அவருக்குக் கூசியது.

"மத்த மூணு வீட்டுலயும் என்ன சொன்னாங்க?" என்றார்.

"வேற ஆள் தேடுறாங்க. அவங்களுக்கு வேலை நடக்கணுமே."

"விலாசம் சொல்லு. காலையில நானே போய்ப் பேசறேன். மூணு மாசம் உன் இடத்தை உனக்கே வச்சிருக்கச் சொல்றேன். தப்பு யாருதுன்னும் சொல்றேன்."

"காலையில ஆபீஸ் இருக்கே?"

"பூட்டியிருக்கட்டும்."

அவள் வலிக்கிற காலைக் கொஞ்சம் நகர்த்திவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாக அடையாளம் சொன்னாள். பச்சை கேட். மாடியில் இரண்டாவது கதவு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு.

"அந்த எதிர்வீட்டுல மட்டும் கொஞ்சம் பணிவா பேசுங்கண்ணே" என்றாள். "நான் விழுந்ததுலேயே அவங்களுக்கு என் மேல கோபம்."