ஆவடி வேனில் கிரேக்க ரொட்டி

ஆவடி ஏரிக்கரையில் நீல வண்ணம் அடித்த பழைய வேன் ஒன்று நிற்கிறது. அதன் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகக் கடலலைகள். உள்ளே டேப்ரிக்கார்டரில் புரியாத பாஷையில் ஒரு பாட்டு. கடைக்காரர் சூசை ஒன்பது வருஷம் கிரேக்கக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கல்லில் வாட்டிய ரொட்டியில் ஆட்டுக்கறியும் வெள்ளரிக்காய் துருவிய பூண்டுத் தயிரும் வைத்து, காகிதத்தில் இறுகச் சுருட்டித் தருகிறார்.

ஷிப்ட் முடிந்து வரும் தொழிற்சாலைக்காரர்கள் வாங்கிய கையோடு அதைப் பிரித்து, வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னா கேட்கிறார்கள். சூசையும் ஊற்றுகிறார்.

"இன்னா சார் பண்றது? கப்பல்ல கையில புடிச்சிகினு அப்டியே கடிப்பானுங்க. இங்க ஒருத்தரும் அப்டித் துன்ன மாட்றாங்க" என்றபடி எனக்கும் ஓர் இலையை நீட்டுகிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த சுருளைப் பிரிக்காமல் அப்படியே கடிக்கிறேன். தயிர் முழங்கை வரை வழிகிறது. மூன்றாவது கடியில் ஒரு கறித்துண்டு சட்டைப் பைக்குள் விழுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் விடவில்லை, கடைசித் துணுக்கு வரை தின்று முடிக்கிறேன்.

சூசை கரண்டியை வைத்துவிட்டு என் சட்டையைக் கண் நிறையப் பார்க்கிறார்.

"எங்க கேப்டன் சட்டையும் இப்டித்தான் சார் இருக்கும்."