சேமக்கலத்துக்கு எதிரான சாட்சி

"…கையெழுத்துப் போட்டா அவையளை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள், போடாட்டி எங்களை எழுப்பிப் போடுவாங்கள். இப்ப சொல்லுங்கோ, என்ன செய்யப் போறியள்?"

சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் என் மனைவி. இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு தாள்.

நேற்று, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. இன்று ஞாயிறு. இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதும்போதும் அந்தத் தாள் அதே மேசையில்தான் கிடக்கிறது — கையெழுத்தில்லாமல். நாளைக் காலை எங்கள் பில்டிங் சூப்பரிண்டென்ட் வந்து கேட்பார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் இந்த வாரம் எனக்கு மிச்சமிருக்கிற தைரியம்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

பார்க்டேலில் இருந்து இந்தப் பதினோராம் மாடிக்கு நாங்கள் வந்து இரண்டு வருடம். பக்கத்து வீட்டில் மிஸிஸ் லாம். ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே வயது — இரண்டும் கனடாவில் பிறந்தவை. அதனால் எங்களுக்குள் பேச்சு நன்றாக ஓடும். கிழமை நாட்களில் அவர் தையல் ஃபக்டரியில். சனிக்கிழமை இரண்டு மணியானால் பாட்டுக்காரி.

அவர்களுடைய பழைய நாடகப் பாட்டுகள். இன்னும் ஐந்து பேர் வருவார்கள். மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் இருந்து ஒருவர் கார் ஓடி வருவார். இறைச்சிக் கடையில் வேலை செய்கிற ஒருவர், இரண்டு தந்தி வாத்தியம் ஒன்றை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு வாசிப்பார். கேட்டால் யாரோ வாய் திறக்காமல் அழுவது போல இருக்கும். இவர்களோடு ஒரு கோங், தொங்கவிட்டு அடிக்கிற வெண்கலத் தட்டு. நம்முடைய சேமக்கலத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேமக்கலத்தால் வந்த முதல் வினையைக் கேளுங்கள்.

நாங்கள் குடிவந்த முதல் சனிக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் 'டாங்' என்று ஒன்று. பிறகு ஒரு பெண் குரல், இழுத்து, நடுங்கி. யாழ்ப்பாணத்தில் சேமக்கலம் கேட்டால் நாங்கள் என்ன நினைப்போம்? "ஐயோ, பக்கத்து வீட்டிலை செத்தவீடு" என்றாள் என் மனைவி. உடனே பிளேன்டீ ஊற்றி ஒரு ஃபிளாஸ்க். வெள்ளைச் சேலை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது லிப்ஸ்டிக்கோடு மிஸிஸ் லாம்!

அவர்களுக்கும் சாவுக்கு வெள்ளைதானாம். முன்பின் தெரியாத ஒரு பெண் வெள்ளை உடுத்து, அழுத முகத்தோடு, கையில் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நிற்கிறாள்… மிஸிஸ் லாம் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "என் வீட்டில் யார் செத்தது?" என்று அவரே கேட்டாராம்.

அன்று தேநீர் குடித்துச் சிரித்தார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை சத்தம் பாதியாகிவிட்டது. கோங்குக்குப் பெரிய துவாய் ஒன்றைச் சுற்றிவிட்டார்கள். மரத்தாளத்துக்குப் பதிலாகத் தடித்த டெலிஃபோன் புத்தகத்தைச் சாப்பாட்டுக் குச்சியால் தட்டினார்கள். "வேண்டாம், அடியுங்கள்" என்று நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. பயந்து வந்தவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு துவாய் சுற்றித்தான் இருக்கும் போல. நாங்கள் கருவாடு பொரிக்கும்போது மணம் வெளியே போகாமல் கதவு இடுக்கில் துணி அடைப்பதில்லையா?

"கோங்கை விட்டுவிட்டுப் பாடலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். முடியாதாம். பாடுகிறவர் எப்போது வாய் திறப்பது, கோபமா அழுகையா என்பதெல்லாம் கோங் சொன்ன பிறகுதானாம்.

"அப்ப வாத்தியம் மட்டும் பதிந்த கசெட் போட்டுப் பாடலாமே? உங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே பாடுகிறார்கள்?"

மிஸிஸ் லாம் சொன்ன பதிலை நான் எழுதி வைத்திருக்கிறேன். "கசெட் எனக்காக நிற்காது. எனக்கு மூச்சு முட்டினால் மனிதர் நிற்பார்கள்."

சரி. இப்போது வினைக்கு வருகிறேன்.

கீழ் மாடியில் யாரோ கம்ப்ளெய்ன்ட் செய்து, மிஸிஸ் லாமுக்குப் போன மாதம் முதலாவது எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வீட்டை விட வேண்டும் என்று பில்டிங் முழுக்க ஒரு பேச்சு. சட்டத்தில் அப்படி இருக்கிறதா? எனக்குத் தெரியாது. பயப்படுவதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன!

செவ்வாய்க்கிழமை எங்கள் கதவைத் தட்டினார் சூப்பரிண்டென்ட். கையில் ஒரு தாள், பேனை.

"பக்கத்து வீட்டில் சனிக்கிழமைகளில் சத்தம் கேட்கிறதா?"

"கேட்கிறது."

"எத்தனை மணிக்கு?"

"இரண்டு மணிக்குத் தொடங்கும். நாலரைக்கு முடியும்."

"எவ்வளவு காலமாக?"

"இரண்டு வருடமாக."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

சிரிக்காதீர்கள். அகதி விசாரணைக்குப் போன உங்களில் பலருக்கு இது விளங்கும். ஒன்றரை வருடம் லோயர் எனக்குச் சொல்லித் தந்தது என்ன? உண்மையைச் சொல். கேட்டதற்கு மட்டும் சொல். திகதி மாறக்கூடாது, நேரம் மாறக்கூடாது, ஆட்களின் எண்ணிக்கை மாறக்கூடாது. கேஸ் போன வருடம் முடிந்துவிட்டது. வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை. தாளும் பேனையுமாக ஒருவர் கேள்வி கேட்டால் முதுகு தானாக நிமிர்கிறது; பதில் தானாக வருகிறது.

இப்படி ஒரு சாட்சியை அந்த மனிதர் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார். சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததால் நான் சொல்லவில்லை.

புதன்கிழமை மிஸிஸ் லாமுக்கு இரண்டாவது கடிதம். அதைப் பிடித்துக்கொண்டு அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். "பக்கத்து வீட்டார் உறுதிப்படுத்தியுள்ளார் என்று எழுதியிருக்கிறது. உங்களிடம் யாரும் வந்து கேட்டார்களா?"

அவருக்கு இரண்டு பக்கமும் வீடு இருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லை" என்றேன்.

அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் ஒரு கதையும் சொன்னார். அவர் சிறுமியாகச் சீனாவில் இருந்தபோது, பழைய பாட்டெல்லாம் கூடாது என்று ஒரு காலம் வந்ததாம். தகப்பனிடம் ஒரு புல்லாங்குழல். வாசிப்பதையே விட்டுவிட்டு அரிசிச் சாடிக்குள் மறைத்து வைத்திருந்தாராம். ஒருநாள் ஆட்கள் வந்தார்கள். தேடவில்லையாம். நேரே அரிசிச் சாடிக்குப் போனார்களாம். தகப்பனையும் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர் பிறகு வீட்டில் யாரையும் விசில்கூட அடிக்க விடவில்லையாம்.

"அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்" என்றார் மிஸிஸ் லாம்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வயிற்றுக் குத்து என்று மனைவிக்குச் சொன்னேன். வியாழனும் நடந்ததைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் வேலையால் வர முதல் கதவுக்குக் கீழால் அந்தத் தாள் வந்துவிட்டது. நான் சொன்னது அத்தனையும் அழகாக டைப் அடித்து, கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. மனைவி அதை வாசித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். அன்றிரவு கதைத்தும் முடிவு வரவில்லை.

நேற்று இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆட்கள் வந்த சத்தம் கேட்டது. கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஆறு பேர் வாத்தியங்களோடு சும்மா இருக்கிறார்கள்… ஊரில் ஷெல் விழுந்த சத்தத்தை விட, அடுத்தது எங்கே என்று காத்திருந்த அமைதிதானே பொல்லாதது? அதே அமைதி.

அப்போதுதான் மனைவி, இந்தப் பத்தியின் தொடக்கத்தில் நீங்கள் வாசித்த கேள்வியைக் கேட்டாள்.

"எனக்கு யோசிக்கத் தெரியேல்லை" என்றேன். "இஞ்சை நிரந்தரமாய் இருக்கிறதுக்கு லாண்டட் பேப்பர் இன்னும் வரேல்லை. சொன்னதை மாத்திச் சொன்னால் பொய்க்காரன் எண்டு பதிஞ்சு போடுவாங்கள்."

"புதன்கிழமை அந்த மனுசி வந்து கேட்டவ தானே. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"…இல்லை எண்டு."

மனைவி தாளை என் பக்கம் தள்ளினாள்.

"சுற்றிவளைப்பிலை முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள்ளை இருந்து ஆமிக்கு ஆக்களைக் காட்டித் தலையாட்டினவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனை அடிச்சுத்தான் ஆட்ட வச்சாங்கள். உங்களை ஆர் அடிச்சது?"

அது எனக்குப் பட்ட இடத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரில் அந்தத் தலையாட்டிகளை நினைத்து எத்தனை இரவு பல்லைக் கடித்திருப்பேன்! அவர்களும் பயத்தில் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்களோ, கேட்டதற்கு மட்டும்?

அவள் எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் கொரிடோருக்குப் போனாள். நான் பின்னால். பக்கத்துக் கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது. மிஸிஸ் லாமின் பாதி முகம்.

என் மனைவிக்குத் தமிழர் கடையைத் தாண்டி இங்கிலீஷ் பேசுவதற்குப் பயம். முன்னுரை ஒன்றும் இல்லாமல் சொன்னாள்: "மை ஹஸ்பண்ட் டோல்ட். ஹி இஸ் த நெய்பர்."

கதவு மூடியது.

என் வாழ்க்கையில் நான் பார்த்த ஆக நீளமான நிமிடம் அதுதான். உள்ளே அவர்கள் மொழியில் ஏதோ பேச்சு. பிறகு சங்கிலி கழலும் சத்தம். கதவு முழுதாகத் திறந்தது.

மிஸிஸ் லாம் என் மனைவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "என் பாட்டு உங்களுக்குத் தொந்தரவா?"

"இல்லை."

"அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

"அவர் கேட்கவில்லை" என்றேன். அந்தப் பதில் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "ஒரு சனிக்கிழமை விட்டால் அடுத்த சனிக்கிழமை நாலு பேர். அதற்கடுத்தது இரண்டு. பிறகு நானும் கசெட்டும். ஆனால் மூன்றாவது கடிதம் வந்தால் நான் எங்கே போவேன்?"

அவருக்குப் பின்னால் ஐந்து பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். போகப் புறப்பட்டுவிட்டார்கள்.

என் மனைவி விரல் மடித்து இங்கிலீஷைத் தேடினாள். "லெட்டர் கம்ஸ் ஃபார் ஒன் டோர். டுடே, மை டோர். நெக்ஸ்ட் வீக், மார்க்கம் டோர். எவ்ரி வீக், அனதர் டோர்." ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் காட்டினாள். "ஹவ் கேன் கம் த்ரீ லெட்டர்?"

வாரம் ஒரு வீட்டில் பாடினால் ஒரு கதவுக்கும் மூன்று கடிதம் சேராதாம். நான் அவள் காதுக்குள் சொன்னேன், தமிழில். "இஞ்சாரும், விளங்கித்தான் கதைக்கிறீரோ? கடிதம் இனி எங்களுக்கெல்லோ வரும்!"

"வரட்டும். எங்களுக்கு அது முதலாவதுதானே."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனாள். ஹோலில் ஆறு கதிரை போட இடமில்லை. சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தூக்குவோம் என்று நான் குனிந்தேன்.

அவள் தூக்கவில்லை. கீழ் வீட்டுக்குக் கேட்கக் கேட்க, இழுத்தாள்.