பரிசு வழங்கப்படாத ஆண்டு

உங்களைச் சாட்சியாக நிறுத்துகிறேன். நீங்கள் எங்கள் பகுதிக்காரர் அல்லர். என் குரலுக்குக் கைதட்டிப் பழகியவரும் அல்லர். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் பொய் சொன்னேன். ஒலிவாங்கியின் முன் நின்று, அரங்கம் நிறைந்த மக்கள் கேட்க, நடக்காத ஒன்றை வரலாறு என்று சொன்னேன். அதற்குக் கோப்பையும் வாங்கினேன்!

இராயபுரத்தில் ஒரு வாசகர் மன்றம் நடத்திய சொற்போர் அது. புதினத்துக்கென நம் நாட்டில் வழங்கப்படும் பெரும் பரிசை நீங்கள் அறிவீர்கள். பெயர் இங்கே வேண்டாம். ‘அப்பரிசின் வரலாறு தகுதியின் வரலாறே’ என்பது தலைப்பு. நான் மறுத்துப் பேச வேண்டும்.

எதிரணி மாணவி ஒரு பட்டியலோடு வந்திருந்தார். முதல் ஆண்டு தொடங்கி யாருக்கு, எந்த நூலுக்கு என்று அத்தனையும் அவர் கையில் இருந்தது. ஓர் ஆண்டுக்கு எதிரே மட்டும் பெயரில்லை. ‘வழங்கப்படவில்லை’ என்றிருந்தது. தகுதியான நூல் வராதபோது கையை மூடிக்கொள்ளத் தெரிந்த பரிசு இது, அந்த வெற்றிடமே இதன் நேர்மைக்குச் சான்று என்று அவர் முடித்தார்.

நல்ல வாதம். என்னிடம் பதில் இல்லை. மறுப்புரைக்கு மூன்று நிமிடங்கள்... என் முறைக்கான மணி அடித்துவிட்டது.

பேச்சுப் பயிற்சியில் நாங்கள் ஒன்று கற்றிருக்கிறோம். வலுவான வாதத்துக்குக் குரலை உயர்த்த வேண்டும். வலுவற்றதற்குத் தாழ்த்த வேண்டும். தாழ்ந்த குரலில் சொல்வதை மக்கள் மறைக்கப்பட்ட உண்மை என்று நம்பிவிடுவார்கள்.

நான் குரலைத் தாழ்த்தினேன்.

எங்கள் பகுதி நூலகத்தில் ‘துருவின் ருசி’ என்றொரு பழைய புதினம் உண்டு. எழுதியவர் தண்டையார்பேட்டை அன்வர் பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அது வெளிவந்தது அந்த வெற்று ஆண்டுக்குச் சற்று முன்பு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு பக்கங்களுக்கு மேல் நான் அதைப் படித்ததும் இல்லை.

“அந்த ஆண்டு தகுதியான நூல் இருந்தது” என்றேன். நடுவர்கள் அன்வர் பாயின் நூலைத்தான் தேர்ந்தார்கள் என்றேன். கடைசி அமர்வில் ஒருவர் மட்டும், ‘இது துறைமுகத்துப் பேச்சு, இலக்கியமன்று’ என்று குறிப்பெழுதி அதைத் தடுத்தார் என்றேன். அந்தக் குறிப்பு இன்றும் டெல்லியில் ஒரு கோப்புக்குள் கிடக்கிறது என்றும் சொன்னேன்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஏன் நம்பினார்கள்? எங்கள் துறைமுகத்துப் பேச்சைத் திரைப்படங்களில் கேட்டுச் சிரித்த ஊர் இது. வேலைக்கான நேர்காணலில் வாயைத் திறந்ததும் முகம் சுளிக்கப்பட்டவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய காயத்தின் அளவறிந்து நான் பொய்யைத் தைத்தேன். அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது...

ஒரு வாரம் கழித்து அன்வர் பாய் என்னைத் தேடி, நான் குடியிருக்கும் திருவொற்றியூருக்கே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நண்பர்கள் சூழ நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் பை, நடந்து வந்த மூச்சிரைப்பு. என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“நா எழ்துனது நல்லா இல்லன்னு நென்ச்சிகினுதான், முப்பது வருசமா பேனாவத் தொடல நைனா. அந்தத் தாள நீ கண்ணால பாத்தியா?”

நண்பர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தேன் பாய்” என்றேன்.

மேடைப் பொய்யையாவது போட்டியின் வெறி என்று சொல்லித் தப்பலாம். இதை எதில் சேர்ப்பது? ஒரு மனிதர், பகல் வெளிச்சத்தில், ஒரு கேள்வி கேட்டார். நான் அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்!

அன்றிலிருந்து அவர் டெல்லிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அப்படியொரு குறிப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மறுபடி எழுதினார். டோல்கேட் டீக்கடையில், இன்னா பாய், டெல்லி ஃபிளைட்டு எத்தினி மணிக்கு என்று பழைய தோஸ்துகள் கலாய்த்தார்கள். முன்பெல்லாம் அவர்களைவிடப் பெரிதாகச் சிரிக்கிறவர் கிளாசை வைத்துவிட்டு எழுந்துபோனாராம்.

பொய்யோ என்னை முந்திக்கொண்டு ஓடியது. மீஞ்சூர் ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே அதை வரலாறாகச் சொன்னார். நடுவர்கள் ஐவராம், அவர்களில் ஒருவர் அழுதேவிட்டாராம். இவற்றில் எதையும் நான் சொன்னதில்லை. மறுக்க வாயெடுத்தேன். உனக்கென்னப்பா தெரியும் என்று அவர் என்னை அடக்கினார். எண்ணூர் வரும்வரை தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகுதான் நூலை முழுதாகப் படித்தேன். நல்ல நூல் அது. பரிசுக்குரியதாகவே இருந்திருக்கலாம். அதனால் என் சொல் உண்மையாகிவிடுமா? இன்று அந்நூலைக் கையிலெடுப்பவர்கள் யாரும் அதன் மனிதர்களைப் பற்றிப் பேசுவதில்லை. டெல்லியைப் பற்றியே பேசுகிறார்கள். அவருக்கு வாசகர்கள் கிடைக்கவிருந்த இடத்தில் நான் ஒரு வழக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட எனக்கு ஒரு கதவு திறந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் வேலை செய்யும் பாயின் மகள் ஷாகிதா அக்கா ஒருநாள் என்னைக் கடைக்கு வெளியே அழைத்துச் சென்றார்.

“அத்தா ஒழுங்கா சோறு துன்றதில்ல தம்பி. தபால்காரு வர்ற நேரம் பாத்து வாசல்லயே குந்திகினு கீறாரு. அது பொய்யின்னா பொய்யின்னு சொல்லிடு. அவரு தாங்கிப்பாரு. இந்த மாரி காத்துகினு கெடக்குறதத்தான் தாங்க மாட்டாரு.”

அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. கொஞ்சம் பொறுங்கள் அக்கா, ஆதாரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சென்ற வாரம், பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்துருவில் ஒரு நடுவர் குறிப்பை நானே எழுதத் தொடங்கினேன். நான்காம் வரியில் நிறுத்தினேன். அழித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள்...

அந்த நிலைக்கு நான் வந்ததற்குக் காரணம் சென்ற மாதம் நடந்த விழா. அதே மன்றம் ‘துருவின் ருசி’க்கு மறுபதிப்புக் கொண்டுவந்தது. ‘பரிசு மறுக்கப்பட்ட புதினம்’ என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். சிறப்புரை நான்தான். ஏற்புரைக்கு எழுந்த அன்வர் பாய் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“எனுக்கு பரிசு வோணாம் நைனா. அந்தத் தாள ஒரு தபா கையில புட்சிப் பாக்கணும். நா அத்தினி கிட்ட போய்ட்டு வந்தேனான்னு தெரிஞ்சிக்கணும். அவ்ளோதான்.”

ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். மூன்றாம் வரிசையில் ஷாகிதா அக்கா தலை குனிந்திருந்தார். பாய்க்கு நான் தரவேண்டியது ஒற்றைச் சொல். ‘இல்லை.’ எத்தனையோ மேடைகளில், எத்தனையோ பேரின் முகத்துக்கு நேரே நான் முழங்கிய சொல் அது! தொண்டை வரை வந்தது. கூட்டம் காத்திருந்தது. அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை என் நாக்கு என்னைவிட நன்றாக அறிந்திருந்தது.

“பாய், அடுத்த ஆண்டு இந்த நாளுக்குள் அந்தத் தாளைக் கொண்டுவந்து உங்கள் கையில் வைப்பேன். இது என் வாக்கு.”