பன்னிரண்டாவது நாற்காலி

என் மகள் ஞாயிறு பூசையை ஒருமுறைகூடத் தவறவிடுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் பிளஸ் ஒன் படித்த வருடம், விருத்தாசலத்தில் எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைச் செயலராக இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலை, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரைப் பட்டியல் போடுவது என் வேலை. எங்கள் தெரு ஜெபக்குழுவில், பீங்கான் கம்பெனியில் மண் குழைக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். நான் சொல்லச் சொல்லப் பட்டியலை எழுதியவள் மகள். ஃபாதரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி வந்தவளும் அவள்தான்.

வியாழன் மதியம் அந்த மனிதர் வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார்.

"சார், வேட்டி போதுமா, பேன்ட்டு போடணுமா?"

"வேட்டியே போதும்."

"நம்ம காலுக்கு ஃபாதரு டேங்கர் லாரியில்ல சொல்லி வைக்கணும்!" என்று சிரித்தார். "வூட்ல காலையிலேர்ந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்குது சார்."

அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். குதிகால் வெடிப்புகளுக்குள் வெள்ளை மண் இறுகிக் கிடந்தது. அந்த வருடம் முதன்முறையாகப் பூசையை லோக்கல் கேபிளில் காட்டுவதாக இருந்தார்கள். கேமரா பாதங்களுக்கு அருகில் வரும். அந்த ஒரு நினைப்புதான்.

"இந்த வருசம் பங்குப் பேரவைக்காரங்க மட்டும் உக்காந்தா போதும்னு ஃபாதர் சொல்லிட்டாருங்க" என்றேன். ஃபாதர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"ஃபாதரே சொல்லிட்டாரா? அப்ப சரிங்க சார். அடுத்த வருசம் பாத்துக்குவோம்."

அவர் போனதும், மேஜையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"ஃபாதர் எப்பப்பா சொன்னாரு?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? வெளிய சொல்லிக்காத."

"சரிப்பா."

அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். எழுதினாள். வெந்நீர் கேட்டேன். கொண்டுவந்து வைத்தாள். மாலையில் பிறர் கழுவப்போகும் கால்களை நானே கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

கோயிலில் மூன்றாம் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. ஃபாதர் என் முன் மண்டியிட்டபோது, அந்த வரிசையிலிருந்தே என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அடுத்த வருடம் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் "சில பொய்கள் சொன்னேன் சாமி" என்றேன். மற்றப் பொய்களின் கூட்டத்தோடு சேர்த்துச் சொன்னால் அந்த ஒரு பொய் மறைந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

மகள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். அவளோ வாசகம் வாசித்தாள், பாடற்குழுவில் சேர்ந்தாள், விவிலிய வினாடி வினாவில் பரிசு வாங்கினாள். "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க சார்" என்றார்கள். மறந்துவிட்டாள் என்று நம்பினேன்.

கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவியாம்மா?"

"போவேம்பா. யாரு வரலன்னு ஹாஸ்டல் சிஸ்டருங்க பாப்பாங்களாம்."

"அதுக்காகவா போவ?"

"வேற எதுக்குப்பா போவாங்க?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"உனக்கு நம்பிக்கை இல்லையாம்மா?"

"சின்ன வயசுல இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "ஆனா எல்லாம் சரியாத்தானப்பா பண்றேன். யாராச்சும் கொற சொன்னாங்களா?"

அன்றைக்காவது, நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். "பூசைக்குப் போயிட்டு வந்துட்டேம்பா" என்கிறாள், "சாப்பிட்டேன்" என்று சொல்லும் அதே குரலில். "சந்தோசம்மா" என்கிறேன். பிறகு அவளுக்காக ஜெபிக்க முழங்காலில் நிற்கிறேன். கண்ணை மூடியதும், யாராவது பார்க்கிறார்களா என்று மனம் கதவுப் பக்கம் போகிறது. வீட்டில் யாரும் இல்லாத நாட்களிலும் போகிறது.