அறுபத்தொரு மடக்குக் கத்திகளும் நான் சொன்ன ஒரு வாக்கியமும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். அப்பாவின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதச் சொன்னார் அம்மா. எழுதுகிறேன். அதோடு என்னால் நேர்ந்த ஒரு தவறையும் திருத்த வேண்டியிருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொன்னால் பாதிப் பேரைத்தான் சென்று சேரும் என்பதால் அச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எட்டாம் வகுப்பு படிக்கும்போது தகப்பனாரை இழந்தார். மறுவாரமே திராட்சைத் தோட்டத்தில் குலை அறுக்கப் போனார். தங்கையை, அதாவது எங்கள் அத்தையை, ஆசிரியப் பயிற்சிவரை படிக்கவைத்தது அந்தக் கூலிதான். பிறகு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பத்து ஆண்டுகள் வேலை. அட்டைக் கடியோடும் மூட்டுவலியோடும் திரும்பிவந்து, குத்தகைக்குத் திராட்சைப் பந்தல் பிடித்தார். இரண்டு முறை அறுவடை நேரத்தில் மழை பெய்து, பழம் வெடித்துப் பந்தலிலேயே அழுகியது. இரண்டு முறையும் அப்பா அழுகிய குலைகளைத் தானே அறுத்துக் குழியில் போட்டு மூடினார். வீட்டில் வந்து ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

அப்பா மடக்குக் கத்திகள் சேர்த்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் சேர்த்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். எனக்கே பட்டியல் போடும்போதுதான் தெரிந்தது. நான் இயந்திரவியல் பட்டயம் படித்து, ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விடுமுறைகளில் கத்திகளை ஒவ்வொன்றாக அளந்து ஒரு நோட்டில் எழுதினேன்: எண், அலகின் நீளம், பிடி எதனால் ஆனது, எங்கே கிடைத்தது. மொத்தம் அறுபத்தொன்று. நான் நீளம் எழுதும்போது அப்பா அந்த வடிவத்துக்குக் காரணம் சொல்வார்.

முதல் எண், அவர் குலை அறுத்த கத்தி. நுனி உள்ளே வளைந்திருக்கும். ஒரு கை குலையைத் தாங்கியிருக்க, மறு கை காம்பைக் கொக்கிபோல மாட்டி இழுத்தால் போதும். பதினான்காம் எண் பெரியகுளத்து நாற்றங்கால் ஒன்றில் வாங்கியது. மாங்கன்று ஒட்டுக் கட்டுவதற்கானது. அலகின் முதுகில் பட்டையை நெம்பித் தூக்க ஒரு சின்னப் பித்தளை நாக்கு உண்டு. முப்பதாம் எண் மீன் வடிவம், தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. பள்ளிக்கூடப் பையன்கள் பென்சில் சீவ வைத்திருந்த வகை. கட்டைவிரல் வழுக்காமல் இருக்கத்தான் வால் அப்படி விரிந்திருக்கிறதாம். குமுளியில் மலையாளி டீக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த கத்தியை அப்பா கடைசிவரை அவர் மொழியில் சொன்னபடி 'பிச்சாத்தி' என்றேதான் அழைத்தார்.

கடைசி எண் கடமலைக்குண்டு சந்தையில் வாங்கியது. பிளாஸ்டிக் பிடி. ஆனால் எருமைக்கொம்பில் இருப்பதுபோலக் கருப்பும் மஞ்சளுமாக வரி ஓடியிருந்தது. இது எதற்கு, போலிதானே என்று கேட்டேன்.

"போலிதான் ஆத்தா. ஆனா வழவழன்னு ஒரு பிளாஸ்டிக்கப் போட்டு வித்துருக்கலாம்ல? அந்த வரிய ஏன் போட்டான்? வாங்குறவன் கை இன்னும் கொம்பத்தான் தேடுது. செய்றவனுக்கு அது தெரியுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அப்பாவின் நண்பர்களும் சொந்தக்காரர்களும் வீட்டுக்கு வருவார்கள். ஒரு துண்டை விரித்துக் கத்திகளை வரிசையாக வைப்பார். தோட்டத்தில் உடன் வேலை பார்த்த மாமா ஒருவர் மட்டும் ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியைக் கேட்பார்.

"ஏப்பா, அறுவது கத்தி வச்சிருக்கியே, வீட்டுல வெங்காயம் நறுக்க ஒன்னு வாங்கிக் குடுத்தியா?"

உள்ளிருந்து அம்மா பதில் சொல்வார்: "அதுக்கு அருவாமனை இருக்குண்ணே. சத்தமாச் சொல்லாதீக, அதையும் நோட்டுல ஏத்திருவாக."

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் நீண்ட நாளாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனபின் எனக்காகக் கொய்யாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே அறுத்தார். தட்டில் ரத்தம் ஓடியதை நான்தான் முதலில் பார்த்தேன். கத்தியைப் பிடுங்கப் போனபோது அப்பா பழத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவப்புக் கொய்யாவோன்னு நெனச்சேன்."

விரல்களில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. காயம் ஆறவில்லை. மூன்றாம் வாரம் இடது ஆட்காட்டி விரலை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் என்னிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னார். கூர்மையான பொருள் எதுவும் அவர் கைக்கு எட்டக் கூடாது. கிருமி தொற்றாமல் இருக்க ஒரு வாரத்துக்குப் பார்வையாளர்கள் வேண்டாம்.

அன்று மாலையே நான் கத்திகளைத் தகரப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். நோட்டைப் பார்த்து எண் சரிபார்த்து ஒவ்வொன்றாக வைத்தேன். அப்பா சத்தம் போட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அதுக என்ன பாவம் செஞ்சுச்சு? மொத நம்பரையாவது வச்சுட்டுப் போ."

அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்போது கடமலைக்குண்டிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் அண்ணனைப் பார்க்க வருவதாக இருந்தார்.

"என்ன ஆத்தா அங்கன ஒரே சத்தமா இருக்கு? அண்ணனா கத்துறாக?"

நான் சொன்னது இதுதான்: "அப்பா கத்தி எடுத்தாச்சு அத்தை. அம்மா அழுதுக்கிட்டிருக்காக. நீங்க இப்ப வராதீக, அப்புறம் பேசுறேன்."

அப்பாவின் கத்திகளை அப்புறப்படுத்திவிட்டோம் என்ற பொருளில் சொன்னேன். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. அப்பா கத்தியை உருவிவிட்டார், அம்மா பயந்து அழுகிறார், யாரும் வரவேண்டாம் என்று அத்தை புரிந்துகொண்டார். பின்னால் உயர்ந்த குரலையும் கேட்டவர் வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்? அண்ணனின் மானத்தைக் காப்பதாக நினைத்து, நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: "அண்ணனுக்கு மனசு சரியில்ல, போய்ச் சீண்டாதீக." நெருங்கியவர்கள் தங்களுக்கு நெருங்கியவர்களிடம் சொன்னார்கள்.

பிறகும் அத்தை பலமுறை பேசினார். "அமைதியா இருக்காகளா?" என்று கேட்பார். "அமைதியாத்தான் இருக்காக. கத்தியெல்லாம் பூட்டித்தான் இருக்கு" என்று நானும் சொல்வேன். அந்தப் பேச்சில் இருவருக்கும் ஒரு பிசகும் தெரியவில்லை.

அடுத்த பத்து மாதங்களில் காலிலும் புண் வந்து, ஒரு கால் போனது. சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்போம். யாரும் வரமாட்டார்கள். மூன்று நான்கு வாரம் போனபின் அப்பா, காலில் இருக்கும் புண்ணின் வாடையால்தான் வரவில்லை என்று முடிவுசெய்துகொண்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் புண்ணின் கட்டுத்துணியைச் சுற்றிப் பவுடரைக் கொட்டச் சொல்வார்.

"இன்னுங் கொஞ்சம் போடு ஆத்தா. வாசல்ல நிக்கிறவுகளுக்கு அடிக்கும்ல."

பன்னிரண்டு மணிவரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்துக்கொள்வார். உறவினர்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. அதனால் யாரையும் அழைத்து ஏன் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்தபின், அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியிலயாவது எங்கண்ணன் கோவம் தணிஞ்சாகளா ஆத்தா?"

என்ன கோபம் என்று கேட்டேன். அங்கேயே நின்று, என் வாக்கியத்தை எனக்குத் திருப்பிச் சொன்னார்.

அன்றே விஷயத்தை விளக்கினேன். அத்தை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இதை மலரில் எழுதட்டுமா என்று சென்ற மாதம் அவரிடம் கேட்டேன். "எழுது. நாந்தான் சொல்லிவிட்டேன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஆனால் தவறு அத்தையுடையது அல்ல. முழுமையாகச் சொல்லாத வாக்கியம் என்னுடையது.

எங்கள் அப்பா தம் வாழ்நாளில் யாருக்கு எதிராகவும் கத்தி எடுத்ததில்லை. தெரியாதவர்களுக்கு, இதைப் படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வாரம் மூன்று நாள் ஆட்டோவில் ஏற்றி இறக்கி, அப்பாவைக் குழந்தைபோலத் தூக்கிய ஓட்டுநர் தம்பிக்கும், புண்ணைக் கழுவிக் கட்டிய செவிலியர் சகோதரிக்கும், இரண்டு முறை ரத்தம் கொடுத்த என் ஆலைத் தோழிகளுக்கும், நற்கருணை கொண்டுவந்து அருகில் அமர்ந்து பேசிய பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. அடக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த எல்லாருக்கும் நன்றி. கத்தி எடுத்தவர் என்று நம்பிக்கொண்டே வந்து தோள் கொடுத்தவர்கள் உங்களில் பலர். அந்த அன்பை நாங்கள் மறக்கமாட்டோம்.

அந்தப் பத்து மாதங்களில் வராதவர்கள்மீது அம்மாவுக்கும் எனக்கும் வருத்தம் இல்லை. வராமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்களுக்கு அடக்கத்தன்றாவது தெரிந்தது; அப்பாவுக்குத் தெரியாமலே போனது. தம் உடம்பின் வாடைதான் என்று நம்பியபடியே கண்மூடினார்.

அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடும்போது, அது அப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.