பதினெட்டு அடிச் சாலையில் நான்கு கற்கள்

பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்குச் சைக்கிளில் போய் வந்தேன். போக 16.4 கிலோமீட்டர், வர 16.4 கிலோமீட்டர். இதைப் பயணம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இணையத்தில் ஆட்கள் இமயமலைக்குச் சைக்கிளில் போய் வந்து எழுதுகிறார்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். என்னைப் போல, ஆசையும் பயமும் சம அளவில் உள்ளவர்கள் சிலர் இருக்கக்கூடும் என்று நினைத்து எழுதுகிறேன்.

போன ஆவணி மாதம் ஒரு மாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஒரு லாரி என்னை ஓரம் கட்டிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதன் பிறகு சைக்கிள் ஐந்து மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது. நான் தினமும் துடைப்பேன், காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன், ஏறமாட்டேன். மார்கழியில் ஒரு நாள் அது தானாகச் சரிந்து விழுந்து, தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கற்களில் இரண்டில் விரிசல் விழவைத்தது.

என் மனைவி விசாலம் அன்றைக்குத்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏங்க, ஆத்தங்குடிக்குப் போயி கல்லு வாங்கிட்டு வாங்க. இந்தச் சைக்கிள்லயே போங்க. நல்லபடியா வந்துட்டீகன்னா சைக்கிள் இருக்கட்டும். பாதி வழியில பயந்து திரும்புனீகன்னா, ஞாயித்துக்கிழமை காதர் பாய வரச் சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன்."

காதர் பாய் எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். அவள் அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலை 6.10க்குக் கிளம்பினேன். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைக்கவசம், ஆரஞ்சு நிறச் சட்டை, பையில் தண்ணீர் ஒரு லிட்டர், நான்கு இட்லி, ஒரு டேப், ஒரு நோட்டு. பனி மூட்டமாக இருந்ததால் கண்ணாடியை மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. 8.1 கிலோமீட்டரில் மானகிரி வரும். 6.50க்கு அங்கே இருந்தேன். அதுவரை சாலை அகலம், பயமில்லை. அங்கே பிரிந்து ஆத்தங்குடி போகும் சாலையில்தான் நான் பயந்த விஷயம் தொடங்குகிறது.

திரும்பியதும் இறங்கி, இரண்டு பக்கமும் பத்துத் தடவையாவது பார்த்துவிட்டு, டேப்பை எடுத்துத் தார்ச்சாலையின் அகலத்தை அளந்தேன். பதினெட்டு அடி. ஒரு பஸ் எட்டரை அடி. எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் பதினேழு. மிச்சம் ஓரடி. என் சைக்கிளின் ஹேண்டில்பார் இரண்டு அடி. கணக்குப்படி அந்தச் சாலையில் எனக்கு இடமில்லை. தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே சில இடங்களில் ஒரு சாண் பள்ளம். ஆவணியில் என் சக்கரம் அப்படி ஒரு பள்ளத்தில்தான் வழுக்கியது.

ஆகவே நான் எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பின்னால் ஹாரன் கேட்டால் உடனே இறங்கி மண்ணில் நின்றுவிடுவது. வண்டி போனதும் ஏறுவது. மானகிரியிலிருந்து ஆத்தங்குடி வரை 8.3 கிலோமீட்டரில் பதினொரு ஹாரன், பதினொரு முறை இறங்கினேன். நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தூரத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆனது.

இடையில் ஒரு காட்சி பார்த்தேன். ஏழாவது முறை இறங்கி நின்றபோது, எனக்கு இருநூறு அடி முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, கேரியரில் மண்வெட்டி. என்னைத் தாண்டிப் போன பஸ் அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஓரத்துக்கும் போகவில்லை. தார் விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே எப்படிப் போனாரோ அப்படியே போனார். வலது கையை மட்டும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டிக் கீழே தொங்கவிட்டார். முன்னால் ஒரு குறுகிய பாலம். பஸ் வேகத்தைக் குறைத்து அவர் பின்னாலேயே ஊர்ந்தது. பாலம் முடிந்ததும் அதே கையை முன்பக்கமாக ஒரு வீசு வீசினார். பஸ் வலது பக்கம் நன்றாக விலகித் தாண்டிப் போனது. டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனார். யாரும் யாரையும் திட்டவில்லை. நான் மண்ணில் நின்றபடி வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

7.50க்கு ஆத்தங்குடி. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது. கடை நடத்துபவர் பஞ்சவர்ணம் என்கிற அம்மா. பக்கத்துப் பெஞ்சில் ஒரு மினி லாரி டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்தானா அது? மானகிரிலருந்து தவ்வித் தவ்வி வந்தது?"

ஒப்புக்கொண்டேன். அவர் பெயர் கருப்பையா. ஆத்தங்குடிக் கற்களைக் காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் ஏற்றிப் போகிறவர். காலியாக வரும்போது என்னைத் தாண்டி வந்திருக்கிறார்.

"நான் தூரத்துல வரயிலயே ஆரன் அடிச்சேன். நீங்க பொசுக்குன்னு எறங்கிட்டீக. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு."

"உங்களுக்கு வழி விடத்தான் இறங்கினேன்."

"வழி யாரு சார் கேட்டா? நான் பின்னாடி வாரேன்னு சொல்றதுக்குத்தான் ஆரன். நீங்க ஒரே நேரா போனீகன்னா எந்த எடத்துல தாண்டலாம்னு நான் பாத்துக்குவேன். எப்ப எறங்குவீக, எப்ப ஏறுவீக, எங்குட்டு விழுவீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சவர்ணம் அம்மா டீ ஆற்றிக்கொண்டே, "சும்மா இருங்கண்ணே. சாரு ஒங்க வண்டிக்கு எந்திரிச்சு நின்னு மரியாத குடுத்திருக்காரு. வேற யாரு குடுப்பா?" என்றார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சிரித்தேனே தவிர உள்ளுக்குள் சுருக்கென்றது. முப்பத்தாறு வருடம் மாணவர்களிடம், எந்த அனுமானத்தின் மேல் கணக்கைத் தொடங்குகிறாய் என்று கேட்டவன் நான்.

எட்டரைக்குக் கல் பட்டறை திறந்தது. எங்கள் கூடத்துப் பூ வேலைக்குப் பொருத்தமான கல் கிடைத்தது. எட்டங்குலச் சதுரம். விரிசல் விட்டது இரண்டுதான் என்றாலும் நான்காக வாங்கினேன். ஒன்று நாற்பத்தைந்து ரூபாய். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய எட்டுக் கிலோ. கருப்பையாவின் வண்டியும் அங்கேதான் ஏற்றிக்கொண்டிருந்தது. கற்களைப் படுக்க வைக்காமல், நெட்டாக நிறுத்தி, இடையில் வைக்கோல் திணித்து அடுக்கினார்கள். என் நான்கு கற்களையும் அதே போல வைக்கோல் வைத்து, சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டித் தந்தவர் அவர்தான். கட்டி முடித்ததும் ஒரு பிடி வைக்கோலை எடுத்து, சாக்குக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகினார்.

"இது எதற்கு?" என்றேன்.

"இப்ப நீங்களும் கல்லு ஏத்துன வண்டி சார். கல்லு ஏத்துன வண்டி தார விட்டு எறங்கக் கூடாது. ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்துச்சுன்னா வரிசையே விரிஞ்சு போகும். அதனால இந்த ரோட்டுல கல்லு வண்டியப் பாத்தா மத்தவுகதான் மண்ணுல எறங்கிக்கிருவாக, பஸ்ஸா இருந்தாலும். பின்னாடி வைக்கல் தெரிஞ்சா போதும், ஆளுகளுக்குப் புரிஞ்சுரும்."

"சைக்கிளுக்குமா?"

"கல்லு கல்லுதான சார்? ஆரன் கேட்டா கையக் காமிங்க, எறங்காதீக. பைய போங்க."

9.15க்குத் திரும்பக் கிளம்பினேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் ஹாரன் கேட்டதும் என் இடது கால் பெடலை விட்டுத் தானாக இறங்கப் பார்த்தது. பின்னால் நான்கு கல் இருப்பது நினைவுக்கு வந்தது. இறங்கினால் கல் உடையும், கல் உடைந்தால் சைக்கிள் போகும். வேறு வழியில்லாமல் காலைப் பெடலில் வைத்தேன். வலது கையைத் தொங்கவிட்டேன். பின்னால் வந்தது ஒரு டிராக்டர். அது அவசரமே இல்லாமல் விலகித் தாண்டிப் போனது. அவ்வளவுதான் நடந்தது. இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அடுத்தது பஸ். அந்தப் பெண் கை காட்டிய அதே பாலம் வந்துகொண்டிருந்தது. எதிரே வெளியூர்க் கார் ஒன்று, கொஞ்சம் வேகமாக. நான் காலையில் போட்ட கணக்கு அப்படியே என் முன்னால் வந்து நின்றது. எனக்கு இடமில்லாத அந்த ஓரடி. இரண்டு அடி உள்ளேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினேன். பின்னால் எஞ்சின் சத்தம் அடங்கியது. பஸ் எனக்குப் பின்னால், என் வேகத்தில் வந்தது. முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ், மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில், ஒரு கிழவனின் வைக்கோல் வாலைப் பார்த்துக்கொண்டு. எதிரே வந்த காருக்கு பஸ் ஒரு தடவை விளக்கைச் சிமிட்டியது. கார் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஒதுங்கி நின்றது. நான் பாலத்தைக் கடந்தேன். கார் எங்களைத் தாண்டிப் போனது. கையை முன்னால் வீசினேன். பஸ் சாலையின் மறு ஓரம் வரை விலகி என்னைக் கடந்தது. பின்படியில் நின்ற கண்டக்டர், "பைய வாங்க, கல்லு வண்டி!" என்று கத்தினார். எனக்குக் கண் கலங்கியது. பனிதான் விலகிவிட்டதே, கண்ணாடியைத் துடைக்க வேண்டிய அவசியம் என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

என் கணக்கில் பிழை எங்கே என்று அப்போது புரிந்தது. மூன்று பேரும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அகலத்தை அளந்தவன் நேரத்தை விட்டுவிட்டேன். அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பது அரை நிமிடம்தான். இந்த ஓட்டுநர்களைப் பற்றி எனக்கு இப்போது பெரிய மதிப்பு இருக்கிறது. எல்லாச் சாலையிலும் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. வைக்கோல் இல்லாவிட்டாலும் இதே மரியாதை கிடைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. போகும்போது பதினொரு ஹாரனில் ஒன்றுக்காவது நான் இறங்காமல் இருந்து பார்க்கவில்லையே.

திரும்பும்போது ஒன்பது ஹாரன். ஒரு முறையும் இறங்கவில்லை. 8.3 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் கடந்தேன், எட்டுக் கிலோ சுமையோடு. வீட்டுக்கு வந்தபோது 10.50.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போங்கள், காலை பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள். மானகிரிக்குப் பிறகு நிழல் குறைவு. தார் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள், இரண்டு அடி உள்ளே நேர்கோட்டில் போங்கள். பாலத்துக்கு முன்னால் கை காட்டுங்கள், தாண்டியதும் வழி விடுங்கள். நீண்ட வரிசை சேர்ந்துவிட்டால், நல்ல சமமான ஓரமாகப் பார்த்து, முன்கூட்டியே கை காட்டி, நின்று அனுப்புங்கள். திடீரென்று மட்டும் எதையும் செய்யாதீர்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு: ஹாரனைத் தூரத்திலேயே ஒரு முறை, சின்னதாக அடியுங்கள். பக்கத்தில் வந்து நீளமாக அடித்தால் என்னைப் போன்றவர்கள் தவ்விவிடுவோம்.

இனி, கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம்.

விசாலம் சாக்கைப் பிரித்து, ஒவ்வொரு கல்லையும் கையில் ஏந்தி விரலால் தட்டிப் பார்த்தாள். நான்கும் முழுசாக இருந்தன. காதர் பாயிடம் ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஹேண்டில்பாருக்கு ஒரு கண்ணாடி எடுத்துவரச் சொல்கிறேன் என்றாள். அப்போது சொல்லிவிட்டேன்.

"ஆவணியில் அந்த லாரி என்னை ஓரம் கட்டவில்லை. அது நூறு அடிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஹாரன் கேட்டு நானாகத்தான் இறங்கி விழுந்தேன்."

அவள் கையில் கல்லோடு அப்படியே நின்றாள்.

"அப்ப, அஞ்சு மாசமா ஒங்க கைக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் நான் அந்த டிரைவர வஞ்சது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பாவி மனுசா. அவன் குடும்பத்தையே சேத்துல்ல வஞ்சேன்."

எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கிற நான் அந்த லாரியின் எண்ணைக் குறிக்கவில்லை. நீல நிற லாரி. ஓட்டி வந்தவர் நிறுத்தி, இறங்கி ஓடிவந்து, என்னைத் தூக்கி உட்காரவைத்தார். என் துண்டை நனைத்து மணிக்கட்டில் சுற்றினார். ஒரு ஆட்டோ வரும்வரை, தன் லாரிக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்து நின்றதைப் பொருட்படுத்தாமல், எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். நீங்கள் இதைப் படிப்பீர்களோ என்னவோ. படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் இப்போது உங்களை யாரும் வைவதில்லை.