காய்க்காத மரமாகப் பார்த்து வைத்தேன்

காலை ஏழு இருபது. பெயர் பதியும் பெரட்டு கலைந்து ஆட்கள் தேயிலை மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதைத் திறக்கச் சாவியோடு வாசலுக்கு வந்தேன். எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா வந்து நின்றார். பின்னால் கத்தியோடு என் கணவரின் தம்பி. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அன்றைக்கு அவரை வெட்டச் சொன்னது எங்கள் மரங்களை.

இரண்டே மரங்கள். ஒரு கொன்றை, ரோஸ் நிறத்தில் பூக்கும் ஒரு ரொபரோசியா. மூன்று வருஷத்துக்கு முன் ரம்புக்கனையில் வாங்கி, பஸ்ஸில் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக் கொண்டுவந்தோம், நானும் மகளும். அவள் அன்று கேட்டது பலாக்கன்று. நான்தான் வேண்டாம் என்றேன். இங்கே போஞ்சி போடலாம், கத்தரி போடலாம். ஒரு போகத்தோடு செத்துப்போகிற எதையும் போடலாம். பலா, தென்னை என்று வைத்தால் நாளைக்கு அதைக் காட்டி நிலம் கேட்போம் என்று தோட்டத்துக்குப் பயம். "காய்க்காத மரம்னா யாரு கண்ணையும் உறுத்தாதுடி" என்று சொன்னவள் நான். உயர்தரம் வரை படித்த முட்டாள். அவர்களை உறுத்தியது காய் இல்லை, வேர்.

"மரம் வைக்க ஏலாதுன்னு தெரியாதா?" என்றார் கண்டக்டர் ஐயா.

பதினாறு வயது மகள் சீப்பும் கையுமாக வெளியே வந்தாள். "மே மல் கஸ் விதராய், சேர்" என்றாள். வெறும் பூமரம்தான் என்று மரியாதையாகத்தான் சிங்களத்தில் சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம்தான் அவளுக்குக் குரல் ஏறியது.

"அஞ்சு தலைமுறையா இந்த மண்ணுல கெடக்கோம். வாசல்ல ஒரு பூவப் பாக்கக் கூடாதா?"

"இந்த வாய்க்கு மரத்தோட நிக்காது. வீட்டையும் யோசிக்க வேண்டி வரும்."

நான் மகளை அறைந்தேன். அவரை அல்ல, அவளை. ரொபரோசியா முதல் தடவையாக மொட்டு விட்டிருந்த வாரம் அது. கத்தி இறங்கும் சத்தம் கேட்டது. கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்காமலே இரண்டையும் சாய்த்தார். திரும்பியபோது மகள் நின்ற இடத்தில் சீப்பு கிடந்தது.

பிள்ளைக்காம்பராவை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஓடைப் பக்கம் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன். மாவனல்லை பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை ஏறியதாக யாரோ சொல்ல, அங்கேயும் போய்க் கடை கடையாகப் பார்த்துவிட்டு வந்தேன். அது வேறு யாரோ. கொழும்பில் கடையில் நிற்கும் கணவரைப் போனில் கூப்பிட்டால், "நீ ஏன் அவள வாயத் தெறக்க விட்ட?" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே. "மரத்தத்தான வெட்டுனாங்க, தலையையா வெட்டுனாங்க? கையெடுத்துக் கும்புட்டிருந்தா ஐயா போயிருப்பாரு."

கும்பிட்டிருக்கலாம். என் அம்மா கும்பிட்டாள். அவளைப் பெற்றவளும் கும்பிட்டாள். என்ன முளைத்தது?

பகல் முழுக்கக் கை எரிந்தது. அறைந்த கை. பயத்தில் அடித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தோட்டம் கொடுத்த வீட்டை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். ஆனால் அந்த வீட்டில் இருக்க வேண்டியவளைத்தான் நான் விரட்டியிருந்தேன்.

ஐந்தரை மணிக்கு லயத்துப் படியில் கொழுந்தனார் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் மகள். பகல் முழுக்க அவர் கவ்வாத்து வெட்டிய மலையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"ஒரு சொல் சொல்லி விட்டிருக்கலாமே தம்பி!" என்று கத்தினேன். "என்ன மனுசன் நீங்க? அண்ணன் வீட்டு மரத்துல கத்திய வைக்கிறீங்க, புள்ளையையும் ஒளிச்சு வைக்கிறீங்க!"

"நான் வெட்டாட்டி வேற ஆளு வேரோட புடுங்கியிருப்பான் அண்ணி. நாலு வெரல் விட்டுச் சாய்ச்சுத்தான் வெட்டியிருக்கேன். போய்ப் பாருங்க. தளுக்கும்."

எனக்கு ஆறவில்லை. தளிர்த்தால் மறுபடி வருவார்கள். மறுபடி அவர் கையில்தான் கத்தி இருக்கும்.

மகள் கன்னத்தில் என் விரல்கள் பட்ட இடம் இன்னும் தெரிந்தது. தொட நீட்டிய கையை அவள் ஒதுக்கவில்லை. ஒதுக்க அவளுக்குக் கையும் இல்லை. இரண்டு கையாலும் ஒரு உரப்பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். உள்ளே ஈர மண்ணோடு ஒரு முழ உயரக் கன்று. மலையிலிருந்து வரும் வழியில், ஓடையோரப் பலாவின் கீழ் தானாக முளைத்ததைத் தோண்டியிருக்கிறாள்.

"கொன்றைக்குப் பக்கத்துலயே வைப்போம்மா" என்றாள். "வெட்டுறதுன்னா காய்க்கிறதையே வெட்டட்டும்."